நாய்க்குப் போட்ட தடுப்புக் கேட், ஆறு மாத அனுபவம்

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கேட் தேவைப்பட்டது. எங்கள் மணி நாட்டு நாய், 18 கிலோ. அம்மாவைப் பார்த்தால் பின்னங்காலில் எழுந்து மேலே காலைப் போடாமல் விடமாட்டான். வாக்கரைப் பிடித்து நடப்பவர் மேல் அப்படிப் பாய்ந்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள் அவனை என் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம், அவன் பிறாண்டிப் பிறாண்டி அழுததில் அம்மாவுக்கும் தூக்கம் இல்லை, "பாவம்டா, திறந்து விடு" என்று ஒரே பாட்டு.

ஆன்லைனில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். சுவரில் ஓட்டை போடாமல், நிலையின் இரண்டு பக்கமும் நான்கு திருகுகளால் இறுக்கி நிறுத்துகிற இரும்புக் கேட். வாடகை வீட்டில் தேக்கு நிலையில் டிரில் போட முடியாது, அதனால் எனக்கு இந்த வகைதான் சரி. உயரம் 76 செ.மீ., 75 முதல் 82 செ.மீ. வரை அகலமுள்ள வாசலுக்குப் பொருந்தும். அதற்கு மேல் போனால் இணைப்புத் துண்டு தனியாக வாங்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் பகீர் என்றது. தாழ்ப்பாள் பக்கம் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி, கேட்டின் நாக்கு கொண்டியைத் தொடவே இல்லை. வளைந்த பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பவே பார்த்தேன். தம்பிதான் "இரு, மாட்டிப் பார்ப்போம்" என்று வாசலில் நிறுத்தித் திருகினான், இறுக்க இறுக்க சட்டம் உள்பக்கம் அழுந்தி நாக்கு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அப்படித்தான் செய்கிறார்களாம். இதைக் குறிப்புத்தாளில் முதல் வரியாகப் போட வேண்டாமா? ஒரு வார்த்தை இல்லை. ஒரு ரப்பர் மூடி வேறு குறைந்தது, அதைக் கேட்டு வாங்க மூன்று வாரம் ஆனது.

வாங்கும் முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். மூன்றடி கதவு என்று பேச்சுக்குச் சொல்வோம், நிலைக்கட்டை போக நடுவில் கிடைப்பது அதைவிடக் குறைவு. நிலையின் உள்பக்கம் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுங்கள். எங்கள் பூஜை அறை வாசல் 61 செ.மீ.தான், அங்கே இது நுழையவே இல்லை.

பெரிய குறை, கீழே தரையோடு குறுக்கே ஓடும் கம்பி. கேட்டைத் திறந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். நான் முதலில் அம்மாவின் அறை வாசலில்தான் மாட்டியிருந்தேன், வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பார்த்ததும் "முதலில் இதை எடுங்கள், வாக்கர் கால் தட்டும்" என்றார். அது எனக்குத் தோன்றாமல் போனது இப்போதும் உறுத்துகிறது. அன்றைக்கே என் அறை வாசலுக்கு மாற்றினேன். அம்மா நடைப்பயிற்சி செய்யும் நேரம் மட்டும் மணி உள்ளே இருப்பான், அப்புறம் வழக்கம்போல அம்மாவின் கட்டிலடியில்.

சாத்திய கதவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது. மூன்று நாள் கேட்டைத் திறந்தபடியே வைத்து அதன் பக்கத்தில் சோறு வைத்தேன், நாலாம் நாள் சாத்தினேன். கொஞ்சம் முனகினான், அவ்வளவுதான். கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டு, வாக்கர் டக் டக் என்று போகும் பக்கமெல்லாம் கண்ணாலேயே அம்மாவோடு நடப்பான். ஆள் கண்ணில் பட்டால் போதும் அவனுக்கு.

இவன் சாய்ந்து சாய்ந்து திருகுகள் தளரும், நான் ஞாயிறுதோறும் இறுக்கிவிடுகிறேன். மாடிப்படியின் மேல்பக்கம் இந்த வகையை மாட்டவே மாட்டாதீர்கள், அங்கே சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற, கீழ்க்கம்பி இல்லாத கேட்தான் வேண்டும். கம்பிகளின் இடைவெளி 5 செ.மீ. இருக்கும், பால்குடி மறக்காத குட்டி என்றால் தலையை விட்டுக்கொள்ளும். பூனைக்கு இது தடையே இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை ஒரே தாவில் அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது அம்மா வாக்கர் இல்லாமல் நடக்கிறார். கேட்டைக் கழற்றிப் பரணில் போடட்டுமா என்றேன், சமையலறைக்கு மாற்றச் சொன்னார். போன மாதம் மணி வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டிருந்தான், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களையே சிதைக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே கவலை. மாட்டியாகிவிட்டது. கொதிக்கிற குக்கரோடு வருகிறவர் காலுக்குத் தெரியட்டும் என்று கீழ்க்கம்பியில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறேன்.