டிசெக்‌ஷன் பாக்ஸ்: வேலூரில் முதலாமாண்டு மாணவர்கள் பெட்டியாக வாங்கலாமா?

எம்.பி.பி.எஸ். அட்மிஷன் முடிந்த கையோடு வீட்டில் வாங்கித் தரும் முதல் சாமான் ஜிப் வைத்த இந்த ரெக்ஸின் பெட்டிதான்: உடற்கூறியல் வகுப்பில் சடலத்தை அறுத்துப் படிப்பதற்கான (டிசெக்‌ஷன்) கருவிகள் இதில் இருக்கும். பாகாயத்தில் (சி.எம்.சி.) படித்தாலும் சரி, அடுக்கம்பாறையில் (அரசு மருத்துவக் கல்லூரி) படித்தாலும் சரி, சர்ஜிக்கல் கடையில் கேட்டால் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். திறந்தால் பத்துப் பன்னிரண்டு கருவிகள் பளபளக்கும். ஆண்டு முழுக்கக் கையில் புழங்குவது ஐந்துதான்: ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) கைப்பிடி, பல் உள்ள ஃபோர்செப்ஸ் (இடுக்கி), பல் இல்லாத ஃபோர்செப்ஸ், கூர்முனைக் கத்தரி, ஒரு புரோப் (துழாவிப் பார்க்கும் மெல்லிய கம்பி). சங்கிலி கோத்த கொக்கி ஒரு மேசைக்கு ஒன்று இருந்தால் போதும். மீதியெல்லாம் பெட்டியின் இடத்தை அடைக்கத்தான்.

பெரிய தலைவலி ஸ்கால்பெல்லில். 3-ஆம் எண் கைப்பிடிக்கு 10, 11, 15 எண் பிளேடுகள். 4-ஆம் எண்ணுக்கு 20 முதல் 24 வரை. பெட்டியில் சில சமயம் 3-ஆம் எண் கைப்பிடியோடு 22-ஆம் எண் பிளேடைப் போட்டுவிடுகிறார்கள். மாட்டினால் மாட்டியது போலவே இருக்கும். தோலில் அழுத்தும்போதுதான் ஆடும், வழுக்கும், பக்கத்தில் பிடித்திருப்பவர் விரலைப் பதம் பார்க்கும். சடலம் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலினில் ஊறிய தோல் விறைத்துக் கிடக்கும். கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். தோலுக்கு 4-ஆம் எண்ணும் 22-உம், நுண்ணிய வேலைக்கு 3-ஆம் எண்ணும் 15-உம் வாங்குங்கள். பிளேடைக் கழற்ற விரல் வேண்டாம், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (கத்தரி போன்ற பிடியுள்ள, பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடித்து இழுங்கள். தோலைத் தாண்டியபின் கத்திக்கு அதிக வேலையில்லை: மூடிய கத்தரியை நுழைத்து விரித்தாலே திசு பிரியும், நரம்பும் தப்பிக்கும்.

ஃபோர்செப்ஸை லேசாக அழுத்தினால் முனைகள்தான் முதலில் தொட வேண்டும். பலமாக அழுத்தினாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. பல் உள்ளது தோலுக்கும் கெட்டித் திசுவுக்கும். அதை வைத்து நரம்பைப் பிடித்தால் பிய்ந்துவிடும், அப்புறம் மேசையில் சொல்லித் தரும் டெமான்ஸ்ட்ரேட்டரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கத்தரியைச் சோதிக்க ஈரமான டிஷ்யூ பேப்பரை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மடிந்து நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே பயன்படாது. ஒட்டாவிட்டால்தான் எவர்சில்வர் என்கிற கணக்கு சோற்றுத் தட்டுக்குப் பொருந்தும். வெட்டும் கருவிகளுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். கத்தரி மூட்டையும் ஃபோர்செப்ஸின் உள்பக்கத்தையும் பாருங்கள். புதிதிலேயே முலாம் உரிந்திருந்தால் சில வாரங்களில் அங்கிருந்தே துரு கிளம்பும்.

நல்ல ஸ்டீலையும் கெடுப்பது ஈரத்தோடு பெட்டியில் பூட்டி வைப்பதுதான். ரெக்ஸின் காற்றை விடாது, உள்ளே துணிப்பட்டை ஃபார்மலினைக் குடித்துக்கொண்டு நாறும். டிசெக்‌ஷன் ஹால் வகுப்பு முடிந்ததும் கருவிகளைக் கழுவப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். நன்றாகத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் ஸ்டீலை அரித்துவிடும். சாமானை வைக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ரெக்ஸினைவிட மேல்.

கிளவுஸில் லேடெக்ஸைவிட நைட்ரைல் ஃபார்மலினை நன்றாகத் தாங்கும். வேலூர் வெயிலில் உள்ளே வியர்த்து ஊறும், ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள்.

இன்னொன்று: எல்லார் சாமானும் ஒரே அச்சு. மேசையில் கலந்தால் நல்ல ஃபோர்செப்ஸ் போய், வளைந்தது திரும்பி வரும். பாத்திரக் கடையில் குடத்துக்குப் பெயர் வெட்டுவார்களே, அதே மிஷினில் கைப்பிடியில் இரண்டு எழுத்து வெட்டித் தருவார்கள். முலாம் பூசிய மலிவுச் சாமானில் மட்டும் வெட்ட வேண்டாம். வெட்டிய எழுத்திலேயே துருப்பிடிக்கும்.