பால்கனி கேபின் என்று சொல்லி ஒரு படகின் முதுகை விற்றார்கள்

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டால் பால்கனி கேபின் கிடைக்குமே" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அந்த "இன்னும் கொஞ்சம்" போவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்ததை ஒட்டி ஏழு இரவுப் பயணம். நாங்கள் இரண்டே பேர். முதலில் எடுத்தது உள் கேபின். ஜன்னல் கிடையாது. கப்பலின் நடுப்பகுதி, தாழ்வான தளம், மேலேயும் கீழேயும் வேறு கேபின்கள் மட்டுமே. ஒவ்வொரு தளத்திலும் என்ன எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமான டெக் பிளானை விரித்து வைத்து நானே தேடி எடுத்த எண் அது. அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு. அலை இருக்கும் நாளில் கப்பலின் முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்கும் அளவுக்கு நடுப்பகுதி ஏறி இறங்காது. மேல்தளங்கள் சாயும் அளவுக்குக் கீழ்த்தளங்கள் சாயாது. இதையெல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். அதாவது, ஆரம்பத்தில் புத்தியோடுதான் இருந்தேன்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது ஏஜென்ட் போன் செய்தார். "சார், உங்க கப்பல்ல பால்கனி ரெண்டே ரெண்டு மிச்சம் இருக்கு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொன்னீங்கன்னா மாத்திடலாம். அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, அவங்க கண்ணு முழிக்கும்போது கடல் தெரிய வேணாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யார்தான் கணக்குப் பார்ப்பார்கள்? கேபின் எண் என்ன என்று மட்டும் கேட்டேன். "அது கப்பல்காரங்க அப்புறம் ஒதுக்குவாங்க சார். பால்கனின்னா எல்லாமே கடல் பார்த்ததுதான்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனில் சொன்ன கூடுதல் தொகையை நான் கேபினுக்கு என்று எடுத்துக்கொண்டேன். அது ஆளுக்கு. கப்பல் கட்டணம் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படும்: ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்து, ஒரு தலைக்கு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் போனில் கேட்கும்போது உறைக்கவில்லை. ரசீது வந்தபோது தொகை இரண்டு மடங்கு, அதற்கு மேல் "மாற்றுக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி. உள் கேபினுக்கு நான் கட்டியதை 100 என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சேர்ந்து 170 ஆகியிருந்தது. திருப்பித் தரப்படாது என்பதும் அதே ரசீதில் இருந்தது.

கப்பலில் ஏறிய அன்று மதியம் கதவைத் திறந்தோம். அறை சுத்தம், படுக்கை சுத்தம், எதிரே கண்ணாடிக் கதவு, திரை மூடியிருந்தது. அம்மாவே போய்த் திரையை விலக்கினார். வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய முதுகு. பால்கனியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, கிட்டத்தட்ட அம்மாவின் கண் மட்டத்துக்கு. உயிர்காப்புப் படகு. அதற்கு மேலே வானம் கொஞ்சம் தெரிந்தது. கைப்பிடியில் வயிற்றை அழுத்தி ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தால் ஒரு கீற்றுக் கடலும் தெரிந்தது.

"என்னடா இது, வீட்டு ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, காத்து வருதுல்ல" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

படகு இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் சுமார் 2,200 பேர், படகுகள் இருபது, அவற்றில் இடம் 1,178 பேருக்கு. கடல் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் 1914இல் வந்ததே அந்தக் கதையால்தான். இன்றைய பெரிய கப்பல்களில் 150 பேரை ஏற்றும் படகுகள் பக்கவாட்டில் வரிசையாகத் தொங்குகின்றன. அவை எங்காவது தொங்கித்தான் ஆக வேண்டும், யாராவது ஒருவர் கேபினை மறைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கேபினை என்ன பெயரில், என்ன விலைக்கு விற்றார்கள் என்பதுதான் என் புகார்.

ரிசப்ஷனில் மரியாதையாகவே பேசினார்கள். கப்பல் நிறைந்துவிட்டது, மாற்ற இடமில்லை. என் பழைய உள் கேபின்? நான் மாற்றிய மறுநாளே அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்மணி கணினியைப் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "நீங்கள் எடுத்தது மறைக்கப்பட்ட காட்சி வகை. உங்கள் முன்பதிவிலேயே அப்படித்தான் இருக்கிறது." போனில் முன்பதிவு ஆவணத்தைத் தேடினேன். பதினோரு பக்கம். நாலாவது பக்கத்தில் கேபின் வகைக்கு எதிரே ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். அந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்பது ஒன்பதாவது பக்கத்தில்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். "பால்கனி" என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பப் பெயர். அதற்குக் கீழே பல உட்பிரிவுகள் இருக்கும். நடுவில் உள்ளது, முனையில் உள்ளது, படகு மறைப்பது, இரும்புத் தூண் மறைப்பது, சில பெரிய கப்பல்களில் கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தையும் நடைபாதையையும் பார்க்கும் பால்கனிகூட உண்டு. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, தனி விலை. மறைக்கப்பட்ட காட்சியை வேண்டுமென்றே எடுப்பவர்கள் இருக்கிறார்கள்: காற்று வரும், வெளிச்சம் வரும், விலை குறைவு. அது நியாயமான பேரம். எனக்கு நடந்தது அது இல்லை. மூன்றாம் நாள் மேல்தளத்தில் பழக்கமான ஒருவர், எங்கள் வரிசையிலேயே நாலு கதவு தள்ளி இருப்பவர், நேரடியாகப் பதிவு செய்தவர், தன் ரசீதைக் காட்டினார். என் கணக்கில் அவர் கட்டியது 130. மறைப்பு இல்லாத பால்கனியின் விலையை என்னிடம் வாங்கி, படகின் முதுகைக் கொடுத்திருக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காட்சியை விட அதுதான் எங்களை வாட்டியது. எங்கள் தளத்துக்கு நேர் கீழே இசைக்கூடம். பாட்டு காதில் விழாது, தரை வழியாகத் தாளத்தின் அதிர்வு மட்டும் வரும், நள்ளிரவு தாண்டி. அம்மா தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பழைய கேபின் கேபின்களுக்கு நடுவே இருந்தது. ஜன்னலும் இல்லாததால் விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. அந்த ஏழு இரவுகளில் எனக்கு அதுதான் சொர்க்கமாகத் தோன்றியது.

காலையில் வேறு கச்சேரி. துறைமுகத்தில் கட்ட முடியாத இடங்களில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் பால்கனிக்கு எதிரே தொங்கிய படகும் அந்தச் சிறு படகுகளில் ஒன்று. ஆறு மணிக்கே இயந்திரம் உறுமி, கம்பிகள் கிறீச்சிட்டு, படகு மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் பாருங்கள், அது இறங்கிய பிறகு எதிரே முழுக் கடல்! அம்மாவை எழுப்பி உட்கார வைத்தேன். சாயங்காலம் படகு திரும்பி ஏறும்வரை எங்களுக்கும் பால்கனி இருந்தது. ஏழு நாளில் அந்த ஒரு நாள்.

இன்னொரு நாள் காலை நான் துண்டோடு திரையை விலக்கினால், எதிரே படகின் மேல் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர். பயணிகள் கப்பலில் ஊழியர்கள் வாரம் ஒருமுறை கப்பலைக் கைவிடும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது விதி. ஏழு இரவுப் பயணத்தில் அது யாருக்கும் தப்பாது. அவர்கள் கை அசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

அப்படியானால் கூடுதல் விலை கேபினே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு இரண்டு தளம் மேலே ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அந்த ஐயாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் நடக்க முடியாது. தினமும் பால்கனியில்தான் அவருடைய பொழுது. மறைப்பு இல்லாத பால்கனி, மேலும் கீழும் கேபின்கள், எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒருமுறை அம்மாவை அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள். அம்மா அரைமணி நேரம் பேசவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, நல்ல பால்கனி விலைக்குத் தகும். கப்பலிலேயே அதிக நேரம் இருப்பவர்களுக்கும், நார்வேயின் ஃபியார்டுகள் (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்), அலாஸ்காவின் பனியாறுகள் போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து போகும் பயணங்களுக்கும் அது தகும்.

ஆனால் உங்கள் பயணத்தின் நேரங்களை எடுத்துப் பாருங்கள். ஏழு நாள் என்றால் 168 மணி நேரம். எங்கள் பயணத்தில் ஐந்து நாள் துறைமுகம்: பகலெல்லாம் கரையில், கப்பல் ஓடுவது இரவில். இரவில் பால்கனியிலிருந்து தெரிவது இருட்டு. மீதி இரண்டு கடல் நாளில் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று எதிரே வீசும். புத்தகம் வைத்துக்கொள்ள முடியாது. அறைக்குள் இருக்கும் இடமும் பல கப்பல்களில் உள் கேபினைவிடப் பெரிதாக இருக்காது. கடலைப் பார்க்க மேல்தளத்தில் நாற்காலிகள் இருக்கின்றன, அங்கே எல்லா டிக்கெட்டும் ஒன்றுதான். நாங்கள் கடலைப் பார்த்ததெல்லாம் அங்கேதான்.

ஏஜென்ட் போன் செய்யாவிட்டாலும் மின்னஞ்சலில் ஏலம் வரும்: "மேல் வகை கேபினுக்கு உங்கள் விலையைச் சொல்லுங்கள்." அதிலும் தொகை பெரும்பாலும் ஆளுக்கு. ஏற்றுக்கொண்டால் வங்கி அட்டையிலிருந்து பணம் தானாகப் போய்விடும், திரும்பாது, எந்த எண் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த பழைய எண் மட்டும் உறுதியாகப் போய்விடும். சூட் எனப்படும் பெரிய சொகுசு கேபின் என்றால் பல கப்பல்களில் தினசரி டிப்ஸும் அதிகம், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜன்னல் கேபின்காரர்களும் சிரிக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது நடைபாதைத் தளத்தைப் பார்த்த ஜன்னல்; பகலில் அது வெளியாட்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தெரியும், இரவில் உள்ளே விளக்கு போட்டால் நடந்து போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். கப்பலின் முகப்பில் கேபின் எடுத்த இன்னொருவரிடம், கப்பலை ஓட்டுபவர்களின் கண்ணை வெளிச்சம் உறுத்தாமல் இருக்க இரவில் திரையை மூடியே வைக்கச் சொன்னார்களாம். முன்னால் விரியும் காட்சிக்காகத்தான் அவர் கூடுதல் பணம் கட்டியிருந்தார்.

அதனால் யார் என்ன வகையைச் சொன்னாலும் எண்ணைக் கேளுங்கள். எண் கையில் வந்ததும் டெக் பிளானில் அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் வைத்துப் பாருங்கள்: மேலே நீச்சல்குளமா, கீழே இசைக்கூடமா, வெளியே படகா, பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவா. இணைப்புக் கதவு இருந்தால் பக்கத்து அறையின் தொலைக்காட்சியும் உங்களுடையதுதான். எண் தர முடியாது என்றால், மறைப்பு இல்லாத வகை என்று குறியீட்டோடு எழுத்தில் கேளுங்கள். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அவசரப்படுத்தினால், சாயங்காலம் முடியட்டும் என்று விடுங்கள். எனக்கு "ரெண்டே ரெண்டு மிச்சம்" என்று சொன்ன அதே வகை, அதற்கு ஒரு வாரம் கழித்தும் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் விற்பனையில் இருந்ததாக அந்த நாலு கதவு தள்ளி இருந்தவர் சொன்னார். அவர் பதிவு செய்ததே அப்போதுதான்.

திரும்பி வந்ததும் ஏஜென்டுக்குப் படங்களோடு எழுதினேன். "பால்கனி கேட்டீங்க, பால்கனி கொடுத்தோம்" என்று ஒரே வரியில் பதில். அட்டை வங்கியில் புகார் கொடுத்தேன். ஒன்பதாவது பக்கத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். போனில் பேசியதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அந்த "மாற்றுக் கட்டணம்" மட்டும் திரும்பி வந்தது. 130க்கும் நான் கட்டியதற்கும் உள்ள மீதி வித்தியாசத்துக்கு நாலாவது கடிதம் போயிருக்கிறது.