கைக்கடிகாரமா, நெஞ்சுப் பட்டையா, ஆஸ்பத்திரிப் பெட்டியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் மாமாவுக்கு 58 வயது. அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்றதும் மகள் இதயத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கித் தந்தாள். அரிவாள் கம்பை இழுத்தால் போதும், நிமிடத்துக்கு 150 துடிப்பு காட்டும். "நின்ன எடத்துலயே நிக்கிறேன் தம்பி, இது ஓட்டப் பந்தயம் ஓடுதே!" என்றார். சைக்கிள் ஓட்டும்போது நான் கட்டுகிற நெஞ்சுப் பட்டையைக் கட்டிவிட்டேன். அதே மரத்தடியில் 104.

காரணம் எளிது. கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. கை சீராகக் குலுங்கினால் அந்தக் குலுக்கலையே துடிப்பாக எண்ணிவிடும். வார் தளர்ந்தாலும், பச்சை குத்திய தோலானாலும் தடுமாறும். பட்டையோ இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. வியர்வை அதற்கு நல்லதுதான். எண்ணிக்கைக்குப் பட்டை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு யார் தூங்குவது?

மாமாவின் கவலை எண்ணிக்கை அல்ல, தாளம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பக்கவாதம் வரை கொண்டுபோகும்; இந்தக் கோளாறு பலருக்கு வந்து வந்து போகும். ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 4 லட்சத்து 19 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. தாளம் தவறுகிறது என்று கடிகாரம் எச்சரித்தது 0.52 விழுக்காட்டினரைத்தான். பிறகு மார்பில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் தாளத்தைப் பதியும் ஒட்டுப்பட்டை போட்டுப் பார்த்தவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்தக் கோளாறு தெரிந்தது. மற்றவர்களுக்கு வந்தது பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஒட்டுப்பட்டை போட்ட நாள்களில் அது வராமலும் இருந்திருக்கலாம்.

சில கடிகாரங்களில் விரலை வைத்தால் 30 வினாடிக்கு இசிஜி, அதாவது இதய மின்சாரத்தின் பதிவு, எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் 12 கோணம், இதில் ஒன்றுதான். மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. ஆனாலும் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. படபடக்கும் அந்த நிமிடம் இதுதான் கையில் இருக்கிறது. மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் இதயம் நல்ல பிள்ளையாகிவிடும், அங்கே எடுக்கும் இசிஜியோ பத்தே வினாடி. ஆஸ்பத்திரியில் உடம்போடு மாட்டிவிடும், 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்டர் பெட்டியும், படபடப்பு பத்து நாளுக்கு ஒருமுறை என்றால், பெரும்பாலும் வெறும் கையோடு திரும்பும். 14 நாள் ஒட்டுப்பட்டைதான் சரி. மாமாவுக்கு அதைத்தான் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது குலை வெட்டும்போது கடிகாரம் மோட்டார் கூடையில் கிடக்கிறது. இரவு படுக்கும்போதுதான் கட்டுகிறார்.