இருட்டை இருட்டாகக் காட்டும் டிவி

க்ரைம் நாவல் படமாக வந்தால் பாதிக் கதை ராத்திரியில்தான் நடக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் என்று பாக்கெட் நாவலில் ஆரம்பித்தவள் நான். படித்த கதை படமாக வந்திருந்தால் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவேன். அதனால் புது டிவி வாங்கப் போனபோது எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும்.

ஷோரூமில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் எல்லா டிவியிலும் கிளியும் பழமும் பளபளக்கின்றன. நான் 55 இன்ச் ஓலெட் (OLED) டிவி முன்னால் நின்றதும், “மேடம், இதே காசுக்கு 75 இன்ச் எல்இடியே எடுத்துடலாம்” என்றார் கடைத் தம்பி. டெமோ வீடியோவை நிறுத்தி, பிக்சர் மோடை மாற்றி, இரண்டிலும் ‘ரிப்ளி’ தொடரைப் போடச் சொன்னேன். பட்ரீஷியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய நாவல். நெட்ஃபிளிக்ஸில் 2024இல் எட்டுப் பகுதிகளாக வந்தது, கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு வெள்ளை. இத்தாலிய ஊரின் படிக்கட்டு, சந்து, நிழல். கண்ணை ஏமாற்ற வண்ணமே கிடையாது. பக்கத்தில் இருந்த சாதாரண எல்இடியில் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு கசிந்து நிழலெல்லாம் சாம்பலாகிவிட்டது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. 55 இன்ச் ஓலெட்டையே எடுத்தேன். எங்கள் ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் ஏழெட்டு அடிதான், அதற்கு இதுவே தாராளம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதுவரை பொறுத்திருந்ததில் கொஞ்சம் மிச்சம்.

வீட்டில் முதலில் போட்டது ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’. கார்மக் மெக்கார்த்தி நாவல், கோயன் சகோதரர்கள் 2007இல் எடுத்த படம். அதில் ஓட்டல் அறைக் காட்சி ஒன்று. பணப்பெட்டியோடு ஒருவன் விளக்கை அணைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். அதில் இரண்டு கால்களின் நிழல் வந்து நிற்கிறது, அப்புறம் நகர்கிறது. அடுத்து அந்த வெளிச்சமும் அணைகிறது. பழைய டிவியில் அப்போதும் அறை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்ததால் பயமே வரவில்லை. இதில் ஹாலே இருண்டுபோனது. அகலத்திரைப் படம் என்பதால் மேலும் கீழுமாகக் கால் பங்குத் திரை கறுப்புப் பட்டைதான்; விளக்கை அணைத்துவிட்டால் அந்தப் பட்டையும் கண்ணில் படுவதில்லை. பின்னணி இசை ஏறக்குறைய இல்லாத படம் வேறு. பெட்டியில் ஒளித்த கருவி பீப் பீப் என்பதும் காலடிச் சத்தமும்தான் மிரட்டல். டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு நுணுக்கம் வராது. சவுண்ட்பாருக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.

வாங்கியதும் பிக்சர் செட்டிங்கில் ஃபிலிம்மேக்கர் மோடைப் (படத்தை எடுத்தபடியே காட்டும் மோடு) போடுங்கள். முதலில் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். போடாவிட்டால் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுநடுவே டிவியே ஃபிரேம் சேர்த்து வழவழப்பாக்கி, மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும்.

பழைய தமிழ்ப் படங்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. சுஜாதாவின் ‘பிரியா’ (லண்டன் கதையை 1978இல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோன படம், ரஜினிதான் வக்கீல் கணேஷ்) பார்த்தேன். எனக்குக் கிடைத்த பிரிண்டின் கீறலும் புள்ளியும் இன்னும் துல்லியமாகத் தெரிந்தன.

பகலில் ஜன்னல் திறந்திருந்தால் இருட்டுக் காட்சியில் நம் முகம்தான் தெரியும். கனமான திரைச்சீலை அவசியம். நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓலெட் சிபாரிசு செய்யமாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கும் லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் வருடக் கணக்கில் இருந்தால் திரையில் தடம் பதியலாம். எங்கள் மாமனாருக்குச் செய்திதான் மூச்சு. பழைய 32 இன்ச்சை அவர் அறையில் மாட்டினோம். இனி ரிமோட்டைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு ஏக சந்தோஷம். இன்னொன்று, படுக்கப் போகும்போது சுவிட்சை அணைக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. ரிமோட்டில் அணைத்த பிறகுதான் பேனல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அதற்குக் கரன்ட் வேண்டும். மாமியாருக்கு இது இன்னும் சமாதானமாகவில்லை.