விண்ட்சர்ஃபிங்கா, கைட்சர்ஃபிங்கா? ராமேஸ்வரம் கெளம்புற சேலத்துக்காரங்களுக்கு

ராமேஸ்வரம் தீவுக்குப் போனா முதல் கிளாஸ் எதுல சேர்றதுன்னு நம்ம அஸ்தம்பட்டி பசங்க கேட்டுட்டே இருக்காங்க. விண்ட்சர்ஃபிங் (சுருக்கமா விண்ட்)னா பாய்மரம் வெச்ச பலகை மேல நின்னு காத்துல போறது; கைட்சர்ஃபிங் (கைட்)னா பெரிய பட்டம் இழுக்க பலகை மேல நின்னு போறது. ஏற்காடு ஏரில பெடல் போட் மிதிச்சதெல்லாம் கணக்குல வராதுப்பா, கெணத்துல நீச்சல் பழகியிருந்தா அது உதவும்.

கத்துக்கிறது
விண்ட்: முதல் நாளே பலகை மேல நின்னு கொஞ்ச தூரம் போயிடலாம். ஆனா விழுந்தா பாய் தண்ணில படுத்துக்கும், திரும்ப பலகைல ஏறி முட்டிய மடக்கி கயித்தப் புடிச்சு மெதுவா தூக்கணும், பாய் மேல நிக்கிற தண்ணி வடியிற வரைக்கும் செம கனம், முதுக வளைச்சு வெடுக்குனு இழுத்தீங்கன்னா மறுநாள் எந்திரிக்க முடியாது.
கைட்: மொதல்ல கரையில பட்டத்த கன்ட்ரோல் பண்ணணும், அப்புறம் பலகை இல்லாம தண்ணில இழுபடணும், பலகைல நிக்கவே சில நாள் ஆகும்.

காத்து
விண்ட்: மெல்லிசா அடிச்சாலே பழகலாம்.
கைட்: நல்லா வீசணும், இல்லன்னா பட்டம் தண்ணில விழுந்து கெடக்கும்.

செலவு
கைட்டுக்குத்தான் கூட, நாள்கணக்கா கோச் பக்கத்துலயே வேணும்ல.

ரிஸ்க்
விண்ட்: பாய்மரத்தக் கைவிட்டா பலகை அப்படியே நின்னுடும்.
கைட்: ஆளையே தூக்கிடும், ஹெல்மெட் இல்லாம சொல்லித்தர்ற எடத்துல சேராதீங்க.

சனி ஞாயிறு மட்டும் லீவுன்னா விண்ட் தான், யோசிக்கவே வேணாம். ஒரு வாரம் லீவும் கையில காசும் இருந்தா கைட். எதுவானாலும் அக்டோபர், நவம்பர் மழைல போகாதீங்க.