கடல் முள்ளெலிக் குஞ்சுகளை இடம் மாற்ற எந்த வழி நல்லது?

கடல் முள்ளெலிக் குஞ்சை அள்ளினால் கையோடு வராது. தொட்டது தெரிந்தவுடனே குழாய்க்கால்களால் (நுனியால் ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய கால்கள்) தான் வளர்கிற தகட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அப்போது இழுத்தால் காலின் நுனி அறுந்து தகட்டிலேயே நின்றுவிடும். கால் திரும்ப முளைக்கும்தான். ஆனால் முள் உடைந்து தோல் கிழிந்த இடத்தில் பக்டீரியா ஏறினால் முள் உதிர்கிற நோய் வரும். ஆகவே குஞ்சைக் குறைந்த தடவை கழற்றுகிற வழிதான் நல்ல வழி.

அப்படிப் பார்த்தால் தகட்டோடு தூக்கி மாற்றுவதே முதலிடம். தகட்டில் படிந்த பாசியும் கூடவே போவதால் குஞ்சு பட்டினி கிடக்காது. ஒரே குறை, பெரியது சிறியதைத் தரம் பிரிக்க முடியாது.

பிரித்தே ஆகவேண்டும் என்றால் தூரிகையா, பொட்டாசியம் குளோரைட்டுக் குளியலா? பத்து இருபது குஞ்சுக்கு மெல்லிய தூரிகை போதும். நூற்றுக்கணக்கில் என்றால் கை அவசரப்படும், முள் உடையும். அங்கே குளியல்தான் மேல். கடல் நீரில் கரைத்த பொட்டாசியம் குளோரைட்டு உப்பு பிடியைத் தளர்த்தும். தகட்டை அசைத்தாலே குஞ்சு விழும். விழுந்ததை உடனே சுத்தமான கடல் நீருக்கு மாற்றுங்கள், கூட நேரம் கிடந்தால் செத்துப்போகும். முதலில் நாலைந்து குஞ்சில் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். இதே உப்பை உரமாக உரக்கடையில் சிவப்பு நிறத்தில் விற்பார்கள், அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பயணம். ஈரத்துணியில் பொதிவது செலவு குறைவு; வளர்ந்த முள்ளெலி சில மணி நேரம் தாங்கும். சின்னக் குஞ்சுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கொழும்பில் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தை தாண்டுவதற்குள்ளேயே துணி சூடாகிவிடும். குளிரட்டும் என்று ஐஸ் போட்டால் இன்னும் மோசம்: உருகுகிற நன்னீர் பட்டால் சாகக்கூடும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 400 கிலோமீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒட்சிசன் பைதான். இரட்டைப் பொலித்தீன் பை, மூன்றில் ஒரு பங்கு கடல் நீர், மிச்சம் ஒட்சிசன். சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில் அடைத்து இரவில் அனுப்புங்கள். முதல் நாளே தீனியை நிறுத்தினால் பைத் தண்ணீர் கெடாது. அப்புறம், பைக்குள் ஒரு துண்டு வலை போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குஞ்சு பொலித்தீனில் ஒட்டிக்கொள்ளும், போய்ச் சேர்ந்ததும் மறுபடி கழற்றவேண்டி வரும். வலையில் பிடித்திருந்தால் வலையோடு தொட்டியில் இறக்கிவிடலாம்.

தண்ணீர் எடுக்கும் இடத்தையும் பாருங்கள். களனி ஆறு கலக்கிற மட்டக்குளி, மோதரைப் பக்கம் மழைக்காலத்தில் உப்பு இறங்கிவிடும், முள்ளெலிக்கு அது தாங்காது. உப்பு லீற்றருக்கு 35 கிராம் அளவில் இருக்கவேண்டும்.

இறக்கியதும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, சிலதை வாய் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பாருங்கள். தானாகவே புரண்டு நிமிர்ந்தால் சரி. முள் சரிந்து அப்படியே கிடப்பதை அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.