ஸூட்டோபியா: எனக்கும் புடிச்சுது, பாட்டிக்கும் புடிச்சுது, தம்பிக்கு பாதி புடிச்சுது

நான் ஆறாவது படிக்கிறேன், என் தம்பி யூகேஜி. இந்த லீவுல ஸூட்டோபியா படத்த மூணாவது தடவ பாத்தோம், இந்த தடவ பாட்டியும் கூட உக்காந்தாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் புரியாதுன்னு நான்தான் பக்கத்துலயே உக்காந்து கதை சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே புதுசா நிறைய தெரிஞ்சுது, அதான் எழுதுறேன். 2016ல வந்த படம், 108 நிமிஷம், மிருகங்க மனுஷங்க மாதிரி துணி போட்டுக்கிட்டு வேலைக்கு போற ஒரு ஊரப் பத்தின கார்ட்டூன். லண்டன்ல இருக்கற என் சித்தி பொண்ணு நாங்க ஸூட்ரோபோலிஸ் பாத்தோம்னு சொன்னா, நான் அது வேற படம்னு போன்லயே சண்ட போட்டேன், கடைசில பாத்தா அந்த ஊர்ல பேர மாத்தி விட்ருக்காங்க, ரெண்டும் ஒரே முயல்தான்.

அந்த முயல் பேரு ஜூடி. அவளுக்கு கூடப்பொறந்தவங்க மட்டும் 275 பேர். அப்பா அம்மா கேரட் பயிர் பண்றாங்க, இவளுக்கு போலீஸ் ஆகணும்னு ஆச, ஆயிடறா, ஆனா அங்க பெரிய அதிகாரியா இருக்கற காட்டெருமை சீஃப் போகோ அவள நம்பாம, போய் பார்க்கிங் டிக்கெட் போடு, ஒரு நாளைக்கு 100 போடணும்னு அனுப்பிடறார். அவ மத்தியானத்துக்குள்ள 200 போட்டுடுவா. அப்ப அவ வண்டிக்கே டைம் முடிஞ்சிருக்கும், தனக்குத் தானே ஒண்ணு போட்டுக்குவா. பாட்டி அத பாத்துட்டு நல்ல புள்ளன்னு சொன்னாங்க.

சிரிப்புன்னா ஸ்லாத்ங்கற ரொம்ப மெதுவான மிருகம் வர்ற சீன்தான், அத அடிச்சுக்க வேற சீன் இல்ல. ஒரு நீர்நாய் காணாமப் போயிருக்கும், ஜூடி 48 மணி நேரத்துல கண்டுபிடிக்கணும், இல்லன்னா வேலை போயிடும். ஒரு வண்டி நம்பர் யாருதுன்னு கேக்க ஆபீசுக்கு ஓடுவா, அங்க வேல பாக்கறவங்க பூரா ஸ்லாத்! ஃப்ளாஷ்னு ஒருத்தர் ஒரு எழுத்து அடிச்சுட்டு மூச்சு விட்டுட்டு அடுத்த எழுத்து அடிப்பார். பாதில ஜூடி கூட வந்த நிக்னு ஒரு நரி வேணும்னே ஒரு ஜோக் சொல்லி விடுவான், ஃப்ளாஷ் மூஞ்சில அந்த சிரிப்பு மெதுவா, மெதுவா, மெதுவா வரும் பாருங்க, வயிறு வலிச்சுடுச்சு. வெளிய வந்தா ராத்திரி ஆயிருக்கும். பாட்டிக்கு இந்த எடத்துல நான் ஒண்ணுமே சொல்ல வேண்டியதா இல்ல, தாத்தாவோட ஒரு பேப்பருக்கு எத்தன நாள் அலஞ்சோம்னு கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. ஆனா அவங்க அத தேவாங்கு தேவாங்குன்னே சொன்னாங்க. தேவாங்கு வேற பாட்டி, அது நம்ம திண்டுக்கல் கரூர் பக்கம் கடவூர் காட்டுல இருக்கு, 2022ல அதுக்குன்னு சரணாலயமே வச்சிருக்காங்க, ஸ்லாத் அமெரிக்கா கண்டத்துக் காட்டுல மரத்துல தலைகீழா தொங்கறதுன்னு சொன்னேன். சரி தேவாங்கு மறுபடி போடுன்னாங்க.

இன்னொரு எடத்துல மிருகங்க துணி இல்லாம சுத்தற ஒரு க்ளப்புக்கு போவாங்க, ஜூடி வெக்கத்துல கண்ண மூடிக்குவா. நான் அத சொன்னதும் பாட்டி, மாடு எங்கடி துணி போட்டுக்கிட்டு நடக்குதுன்னு கேட்டாங்க. எங்க அம்மா சமையல் ரூம்ல இருந்து சிரிச்சது எங்களுக்கு கேட்டுச்சு.

ஊர செஞ்ச விதம் ரொம்ப புடிச்சுது. ட்ரெயின்ல எலிக்கு குட்டிக் கதவு, ஒட்டகச்சிவிங்கிக்கு ஜூஸ் மேல ஏறிப் போக குழாய். நியூஸ் வாசிக்கறது ஆஸ்திரேலியால போட்ட படத்துல கோலா, ஜப்பான்ல தனுக்கின்னு நாய் மாதிரி ஒரு மிருகம், சைனால பாண்டா. நமக்கு ஒரு மயில் வச்சிருக்கலாம்ல? அப்புறம்தான் தோணுச்சு, அந்த ஊர்ல இருக்கறது பாலூட்டிங்க மட்டும்தான், அப்ப யானை வைக்கலாம்.

இது காமெடி படம்னு மட்டும் சொல்றவங்க மேல எனக்கு கோவம். ஏன்னா நடுவுல அந்த ஊர்ல சில மிருகங்களுக்கு திடீர்னு வெறி புடிக்கும், அப்ப ஜூடியே ஒரு தப்பு பண்றா. அவதான் ஹீரோயின், அவள எல்லாரும் முயல்தானேன்னு சொல்லி மட்டமா பாத்தாங்க, அப்படிப்பட்டவ டிவிக்காரங்க முன்னாடி நின்னு, மாமிசம் தின்ற மிருகத்துக்கெல்லாம் வெறி ரத்தத்துலயே இருக்கும் போலன்னு சொல்லிடறா, பக்கத்துல அவ ஃப்ரெண்டு நிக் நிக்கறான், அவன் ஒரு நரி! சின்ன வயசுல நரின்னு சொல்லி மத்த பசங்க அவன் வாய்க்கு கூண்டு மாட்டி அழ வச்சிருப்பாங்க, அத அவ கிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பான். அந்த மூஞ்சிய பாத்து நான் மூணு தடவையும் அழுதேன். அப்புறம் அவ போலீஸ் வேலைய விட்டுட்டு ஊருக்கு போயிடுவா, அங்க சின்னதுல அவ கன்னத்த கீறின கிடியன்னு ஒரு நரிப்பையன் இப்ப கேக் செஞ்சு வித்துட்டு இருப்பான், அவனே வந்து ஸாரி சொல்லுவான். திரும்பி வந்து பாலத்துக்கு அடியில நிக் கிட்ட இவளும் ஸாரி கேப்பா. நீயும்தானே, எனக்கு தெரியாதே, அப்படி எதுவும் சொல்லாம தப்பு என்னோடதுதான்னு மட்டும் சொல்லுவா. நான் தம்பியோட லாரிய உடச்சப்ப நீ ஏன் கீழ போட்டன்னு சேத்து சொன்னேன், அது ஸாரியே இல்லன்னு இப்ப தெரியுது. அவன்கிட்ட மறுபடி சொல்லிட்டேன்.

குறைன்னா, மிருகங்களுக்கு வெறி புடிக்கற சீன் குட்டிப் பசங்களுக்கு ரொம்ப பயமா இருக்கும். சிறுத்த மாதிரி இருக்கற கருப்பு ஜாகுவார் இருட்டுல பாஞ்சு வர்றப்ப தம்பி பாட்டி முந்தானைக்குள்ள போயிட்டான், பாட்டு வர்ற வரைக்கும் வரல. அஞ்சு வயசுன்னா பக்கத்துல பெரியவங்க உக்காரணும். வில்லன் யாருன்னு நான் முன்னாடியே கண்டுபிடிச்சேன், சொல்ல மாட்டேன்.

அஞ்சுக்கு நாலரை. அர மார்க்கு தம்பி அழுததுக்கு கொறச்சது. 2017ல ஆஸ்கார் வேற வாங்கியிருக்கு. ரெண்டாவது பார்ட் 2025 நவம்பர்ல வந்துச்சு, நாங்க இன்னும் பாக்கல, அதுல பாம்பு வருதாம், பாம்பு பாலூட்டியே இல்லயே எப்படின்னு எனக்கு தெரிஞ்சே ஆகணும். பாட்டி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அதுல தேவாங்கு இருக்கான்னு.